மருந்துக்கு முன்னே வந்தவர்கள்

ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரோடு இன்னொருவரும் வேலை பார்க்கிறார். அவருக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. பல இடங்களில் பள்ளிப் படிப்பே பாதியில் நின்றிருக்கும். அவருடைய தகுதி ஒன்றுதான். அவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது, அதோடு பல ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தி, வேலை பார்த்து, நடமாடிக்கொண்டிருக்கிறார். பரிசோதனை முடிவைக் கேட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் போய் உட்காருவது, மருந்து வாங்க வராதவரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, கணவனிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் பெண்ணுக்கு வழி சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. தென்னாப்பிரிக்காவில் இவரை ‘மென்டார் மதர்’ என்கிறார்கள், மலாவியில் ‘எக்ஸ்பர்ட் கிளையன்ட்’ என்கிறார்கள், ஜிம்பாப்வேயில் ‘கேட்ஸ்’ என்கிறார்கள்.

உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் 2024 கணக்கின்படி சுமார் 4 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் இருக்கிறார்கள். எய்ட்ஸ் சாவுகள் உச்சத்தைத் தொட்ட 2004இல் உலகெங்கும் சுமார் 21 லட்சம் பேர் இறந்தார்கள். 2024இல் அந்த எண்ணிக்கை 6 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. இந்தச் சரிவுக்கு மருந்துதான் காரணம் என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த மருந்தைக் கேட்டு வாங்கியவர்களும், விலையைக் குறைக்க வைத்தவர்களும், காட்டுப்பாதையில் தூக்கிச் சுமந்தவர்களும் பெரும்பாலும் நோயாளிகளே. அவர்களின் உழைப்பைச் சுகாதாரத் துறைகள் முப்பது ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்தன. அதை ஒரு வேலையாக மதித்துச் சம்பளம் கொடுக்கத்தான் மறந்துபோயின.

வெறுங்கையோடு தொடங்கியது

உகாண்டாவின் தென்மேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டிய ராக்காய் மாவட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் மக்கள் காரணம் தெரியாமல் எலும்பும் தோலுமாக இளைத்துச் செத்தார்கள். ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்லிம்’. அது எய்ட்ஸ்தான் என்று தெரிந்த பிறகும் மருத்துவமனைகளால் கையை விரிக்கத்தான் முடிந்தது. கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் நோரீன் கலீபா. 1983இல் ஒரு விபத்தில் சிக்கிய அவருடைய கணவர் கிறிஸ்டோபருக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிறகு மேற்படிப்புக்காக இங்கிலாந்து போன கிறிஸ்டோபர் அங்கே 1986இல் நோயில் விழுந்தார். இங்கிலாந்தில் செவிலியர்கள் அவரைத் தொட்டுப் பராமரித்ததை கலீபா நேரில் பார்த்தார். தாயகம் திரும்பியபோது, தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே ஊழியர்கள் கணவரை நெருங்கத் தயங்கியதையும் பார்த்தார். 1987 ஜனவரியில் கிறிஸ்டோபர் இறந்தார்.

அதே ஆண்டில் கலீபாவும் இன்னும் பதினைந்து பேரும் சேர்ந்து ‘டாசோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தப் பதினாறு பேரில் பெரும்பாலோருக்குத் தொற்று இருந்தது. ஆப்பிரிக்காவுக்கு மருந்து வந்து சேருமுன்பே அவர்களில் பலர் மறைந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அமைப்பு என்று சொல்வதற்கே எதுவும் இல்லை. ஒருவர் வீட்டில் மற்றவர்கள் கூடிப் பேசினார்கள், படுக்கையில் கிடந்தவரைக் குளிப்பாட்டினார்கள், புண்ணைத் துடைத்துக் கட்டினார்கள், வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கிடைத்த மருந்தைக் கொடுத்தார்கள். சாவுக்குக் காத்திருக்காமல் இருக்கும் நாளை முழுதாக வாழ வேண்டும் என்பதே டாசோவின் கொள்கை. நோயின் மூலத்தைத் தொடும் மருந்து ஒன்றுகூட இல்லாத காலத்தில் இது வெறும் ஆறுதல் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் ஆற்றுப்படுத்துதல், வீட்டுப் பராமரிப்பு, குடும்பத்தையும் சேர்த்து அணுகுவது என்று பின்னால் பாடநூல்களில் ஏறிய பலவற்றுக்கும் அந்த வீட்டுக் கூடங்கள்தாம் பயிற்சிக் களம்.

தெற்கு ஜாம்பியாவின் சிக்கன்காட்டாவில் சால்வேஷன் ஆர்மி நடத்திய மருத்துவமனை 1987இல் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்தது. படுக்கைகள் நிரம்பி வழிந்தன, வார்டில் வைத்துச் செய்யக்கூடியதோ சொற்பம். எனவே மருத்துவக் குழுக்கள் நோயாளியின் வீட்டுக்குப் போகத் தொடங்கின. போன இடத்தில் நோயாளியை மட்டும் பார்த்துத் திரும்ப முடியவில்லை. விதவையாகப் போகும் மனைவி, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைகள், நிலத்தின் மேல் கண் வைத்திருக்கும் பங்காளிகள் என்று ஊரே எதிரில் நின்றது.

இறக்கப்போகும் தாய்மார்களின் பெரிய கவலை பிள்ளைகள். 1992இல் உகாண்டாவில் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் தங்களுக்கென்று தொடங்கிய ‘நாக்வோலா’ அமைப்பு அதற்கு ஒரு வழி கண்டது. தாய்மார்களை உட்கார்த்தி வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ‘நினைவுப் புத்தகம்’ எழுத வைத்தார்கள். பிள்ளை எங்கே பிறந்தது, முதலில் என்ன சொல் பேசியது, எதை விரும்பிச் சாப்பிடும், அப்பா யார், தாத்தா பாட்டி எந்த ஊர், குடும்ப நிலம் எது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். புகைப்படம் இருந்தால் ஒட்டினார்கள், எழுதத் தெரியாதவர்கள் பிறரைக் கொண்டு எழுதினார்கள். தன் வேர் எது என்று தெரியாமல் வளரும் குழந்தைக்கு அது குடும்ப வரலாறு. நிலத்தைப் பிடுங்கச் சித்தப்பா வந்தால் அதுவே சாட்சி. தாய் தன் நோயைப் பிள்ளையிடம் சொல்வதற்கும் அந்தப் புத்தகமே சாக்காக அமைந்தது. ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஹென்னிங் மாங்கெல் உகாண்டாவுக்கு வந்து இதைப் பார்த்து ஒரு நூலே எழுதினார். பிற்காலத்தில் மருந்து கிடைத்து, புத்தகம் எழுதி முடித்த தாய்மார் சிலர் உயிரோடு இருந்து பிள்ளைகளை வளர்த்தது யாரும் எதிர்பாராதது.

சொல்லத் துணிந்தவர்கள்

நோய் இருப்பதை மறைத்துவைத்தால் யாருக்கும் உதவ முடியாது. வெளியே சொன்னாலோ வேலை போகும், வீடு போகும், உயிரும் போகலாம். உகாண்டாவின் பாடகர் ஃபிலி லுட்டாயா 1989இல் தனக்கு எய்ட்ஸ் என்று பகிரங்கமாக அறிவித்தபோது ரசிகர்கள் பலர் நம்பவில்லை, பாட்டு விற்பதற்கான தந்திரம் என்றார்கள். உடல் நலிந்துகொண்டே போக, அவர் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் பேசினார். அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். ஜாம்பியாவில் 1990இல் முதன்முதலாக வெளியே சொன்ன வின்ஸ்டன் ஜூலு தன் சகோதரர்கள் நால்வரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். எச்.ஐ.வி. உள்ளவரைக் கொல்வது பெரும்பாலும் காசநோய்தான் என்பதையும், அதைக் குணப்படுத்தும் மாத்திரை மிக மலிவானது என்பதையும் அவர் 2011இல் இறக்கும்வரை உலக மேடைகளில் சொல்லிக்கொண்டே இருந்தார். தென்னாப்பிரிக்காவின் ப்ரூடென்ஸ் மபேலே 1992இல் வெளியே சொன்ன கையோடு பெண்களைத் திரட்டத் தொடங்கினார்.

புருண்டியில் நடந்ததைப் பலரும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஜான் காப்பியா நியோன்சிமா என்ற பெண் கணவரையும் குழந்தையையும் எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தவர். 1990களின் நடுவில் ஒரு நாள் தேவாலயத்தில் திருப்பலியின்போது, பாவம் செய்தவர்கள் என்றாலும் எய்ட்ஸ் நோயாளிகள் மேல் இரக்கம் காட்டுங்கள் என்று பாதிரியார் பேசினார். காப்பியா எழுந்து நின்றார். தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, தான் கணவருக்கு உண்மையாகவே வாழ்ந்தவள், பாவம் என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார் என்று சபை நடுவே கேட்டார். அவர் தோற்றுவித்த ‘ஏ.என்.எஸ்.எஸ்.’ அமைப்பு உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் புருண்டியில் நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்தது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. டர்பனுக்கு அருகில் க்வாமாஷுவைச் சேர்ந்த குகு டிலாமினி 1998 டிசம்பர் முதல் தேதி, உலக எய்ட்ஸ் நாளன்று தன் தொற்றை வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாதமே அக்கம்பக்கத்து ஆட்கள் அவரை அடித்துக் கொன்றார்கள். ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டார் என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. இன்று டர்பன் நகரின் நடுவில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயர். ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று பெரிதாக எழுதிய வெள்ளைச் சட்டையைத் தென்னாப்பிரிக்கப் போராளிகள் அணியத் தொடங்கியதும் அந்தக் கொலைக்குப் பிறகுதான். தொற்று இல்லாதவர்களும் அதை அணிந்தார்கள். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாமல் போனது.

வெளியே சொல்வதற்கு இன்னொரு முகமும் உண்டு. கனடா மருத்துவரும் மானுடவியலாளருமான வின்-கிம் நுயென் 1990களில் ஐவரி கோஸ்ட்டிலும் புர்க்கினா ஃபாசோவிலும் கண்டதை நூலாக எழுதியிருக்கிறார். அங்கே நன்கொடை நிறுவனங்கள் நோயாளிகளுக்குப் பயிலரங்கு நடத்தி, தங்கள் கதையைச் சபையில் சொல்லப் பழக்கின. கைக்கு வந்த மருந்தோ ஒரு சிலருக்கு மட்டுமே போதும். நன்றாகப் பேசுபவர் அமைப்புக்குப் பயன்படுவார், எனவே அவருக்கே மருந்து என்று பல இடங்களில் முடிவானது. வாயுள்ள பிள்ளை பிழைத்தது. கூச்சப்பட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாய்ப்பு வரவில்லை. சமூகச் செயல்பாட்டாளர்களைப் புகழும் பேச்சுகளில் இந்தப் பகுதி வழக்கமாக விடுபட்டுப்போகிறது. பற்றாக்குறையின் நடுவே நல்லவர்களும் யார் பிழைப்பது என்று தீர்மானிக்கும் இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

விலை என்ற மதில்

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்பது 1996இல் உறுதியானது. மேலை நாடுகளில் மரணப் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஒருவருக்கு ஓராண்டுக்கான கூட்டு மருந்தின் விலை 10,000 டாலருக்கும் மேல். ஆப்பிரிக்காவுக்கு அது எட்டாக்கனி என்று உலகம் ஏறத்தாழ முடிவே கட்டிவிட்டது.

1998 டிசம்பர் 10ஆம் தேதி கேப்டவுனின் செயின்ட் ஜார்ஜ் பேராலயப் படிக்கட்டில் ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்தது. அதுதான் ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்’, சுருக்கமாக டி.ஏ.சி. முன்னின்றவர் ஸாக்கி அஹ்மத். நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர், எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர். அரசு மருத்துவமனையில் ஏழைக்கு மருந்து கிடைக்கும் நாள்வரை தானும் கூட்டு மருந்து சாப்பிடுவதில்லை என்று அவர் முடிவெடுத்தார். 2002இல் நெல்சன் மண்டேலா வீட்டுக்கே வந்து மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியும் அவர் இசையவில்லை. அந்த டிசம்பரில் கேப்டவுனின் புறநகரான கயலிட்ஷாவுக்கு வந்த மண்டேலா அதே வெள்ளைச் சட்டையை அணிந்துகொண்டார்.

டி.ஏ.சி. பழைய விடுதலைப் போராட்ட முறைகளைக் கையில் எடுத்தது. வாய்ப்பூஞ்சை முற்றி, ஃப்ளூகோனசோல் வாங்க வழியில்லாமல் 2000இல் இறந்த தோழர் கிறிஸ்டோபர் மொராக்காவின் பெயரில் சட்டமறுப்பு அறிவித்தது. அஹ்மத் தாய்லாந்துக்குப் போய், பல மடங்கு மலிவான அதே மருந்தை வாங்கிக்கொண்டு, காப்புரிமையை மீறுகிறேன் என்று சொல்லியே நாட்டுக்குள் வந்தார். விலை குறைந்த மருந்துக்கு வழிவிடும் சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் தென்னாப்பிரிக்க அரசின் மேல் தொடுத்த வழக்கில், டி.ஏ.சி. அரசின் பக்கம் நின்றது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தைத் தாங்க முடியாமல் நிறுவனங்கள் 2001 ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கின. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது, ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகக் கூட்டு மருந்து தருவதாக அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்து விலை மதிலை இடித்தன. பின்னாளில் ஆப்பிரிக்காவுக்குப் போன கூட்டு மருந்தில் பெரும்பகுதி இந்திய ஜெனரிக் நிறுவனங்கள் தயாரித்ததுதான்.

யாருக்காக நீதிமன்றப் படி ஏறினார்களோ அந்த அரசையே அடுத்து எதிர்க்க வேண்டி வந்தது. எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று ஐயம் எழுப்பிக்கொண்டிருந்தார் அதிபர் தாபோ எம்பெக்கி. பூண்டு, பீட்ரூட் ஆகியவற்றின் பெருமை பேசினார் சுகாதார அமைச்சர் மன்ட்டோ ட்ஷபலலா-எம்சிமாங். பிரசவ நேரத்தில் தாய்க்கும் பிறந்ததும் சேய்க்கும் ஒருவேளை நெவிரபின் கொடுத்தால் தொற்று பரவுவது வெகுவாகக் குறையும். அந்த மருந்தை இலவசமாகத் தருவதாக உற்பத்தியாளரே சொல்லியும், மாகாணத்துக்கு இரண்டு முன்னோட்ட மையங்களில் மட்டுமே கொடுக்க அரசு அனுமதித்தது. டி.ஏ.சி. தொடுத்த வழக்கில், 2002 ஜூலை 5ஆம் தேதி அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க உத்தரவிட்டது. எல்லோருக்குமான கூட்டு மருந்துத் திட்டம் 2003 இறுதியில்தான் வந்தது. அஹ்மத் மருந்தைத் தொட்டதும் அந்த ஆண்டில்தான். இந்தத் தாமதத்தால் போன உயிர்கள் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்து தரும் தென்னாப்பிரிக்கத் திட்டம்தான் உலகிலேயே பெரியது.

மாத்திரை வீடு வந்து சேர்ந்த விதம்

விலை குறைந்த பிறகும் ஐயம் தீரவில்லை. கூட்டு மருந்தை நாள் தவறாமல் குறித்த நேரத்தில் சாப்பிட வேண்டும்; விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறும். ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது, அவர்களால் இதைக் கடைப்பிடிக்க முடியாது என்ற பொருளில் அமெரிக்க உதவி அமைப்பின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ் 2001இல் பேசினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் ஆப்பிரிக்காவில் 77 விழுக்காடு, வட அமெரிக்காவில் 55 விழுக்காடு என்று தெரியவந்தது.

அந்த 77க்குப் பின்னால் சக நோயாளிகளின் வகுப்பறையும் இருந்தது. டி.ஏ.சி. பயிற்சி கொடுத்த தொண்டர்கள் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களில் நின்று, சி.டி.4 அணுக்கள் என்ன செய்கின்றன, மாத்திரை வைரஸை எந்த இடத்தில் தடுக்கிறது, எந்தப் பக்கவிளைவுக்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே ஓடிவர வேண்டும் என்று உள்ளூர் மொழியில் படம் காட்டி விளக்கினார்கள். மருத்துவர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டு வந்தவர்கள் மருத்துவரையே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எல்லா மருத்துவருக்கும் அது பிடித்தது என்று சொல்ல முடியாது.

தாய்மார்களுக்கு வேறு ஏற்பாடு. 2001இல் கேப்டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் மிட்செல் பெஸ்ஸர் என்ற மகப்பேறு மருத்துவர் தொடங்கிய ‘மதர்ஸ்டுமதர்ஸ்’, அண்மையில் அதே நிலையைக் கடந்து குழந்தை பெற்ற பெண்ணையே அடுத்த கர்ப்பிணிக்கு வழிகாட்டியாக வேலைக்கு அமர்த்தியது. மருத்துவத் தலையீடே இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. முறையான சிகிச்சையில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே போகும். இந்தக் கணக்கைச் செவிலியரும் சொல்லலாம். தன் இடுப்பில் தொற்றில்லாத குழந்தையோடு நிற்கும் பெண் சொல்லும்போது கர்ப்பிணிக்கு நம்பிக்கை வருகிறது.

எல்லாவற்றிலும் எளிமையான ஏற்பாடு மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் உருவானது. அங்கே மருத்துவ மையத்துக்குப் போய்வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும்; மாதா மாதம் போக வேண்டும். வயலில் வேலை கெடும், பஸ்ஸுக்குக் காசு இருக்காது. இரண்டு முறை தவறினால் மூன்றாம் முறை திட்டுக்குப் பயந்தே போகமாட்டார்கள். 2008இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையோடு நோயாளிகள் அதிகபட்சம் ஆறு பேர் கொண்ட குழுக்களாகச் சேர்ந்தார்கள். முறை வைத்து மாதம் ஒருவர் மட்டும் மையத்துக்குப் போவார். கிளம்புமுன் எல்லோரும் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தங்கள் டப்பாவைக் கவிழ்த்து மீதி மாத்திரையை மற்றவர்கள் முன்னால் எண்ணுவார்கள். இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தால் ஏன் சாப்பிடவில்லை என்ற விசாரணை அங்கேயே நடக்கும். விவரத்தைக் குழு அட்டையில் குறித்துக்கொண்டு, முறைக்காரர் எல்லோருடைய அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு மருத்துவப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் அன்றே முடிந்துவிடும். ஆறு பேருக்கான மருந்தோடு திரும்புவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் எல்லோரையும் மருத்துவ ஊழியர் பார்த்துவிடுகிறார். இப்படிச் சேர்ந்த சுமார் 1,300 பேரை ஓராண்டுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது 97.5 விழுக்காட்டினர் சிகிச்சையில் நீடித்தார்கள். தொடர்பே அறுந்துபோனவர்கள் இரண்டே பேர்.

கயலிட்ஷாவில் 2007இல் தொடங்கிய மருந்துக் குழுக்களும் ஏறக்குறைய இதே வகை. உடல்நிலை தேறிய 25 அல்லது 30 பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி, எடை பார்த்து, பேசி, பொட்டலம் கட்டி வைத்த மருந்தை வாங்கிப் போனார்கள். நாற்பது மாதங்களுக்குப் பிறகு குழுக்களில் இருந்தவர்களில் 97 விழுக்காட்டினர் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். வழக்கமான வரிசையில் நின்றவர்களில் 85 விழுக்காடு.

வளர்ந்த பிள்ளைகள்

மருந்து வருமுன் தொற்றோடு பிறந்து, மருந்தால் பிழைத்த குழந்தைகள் பதின்பருவத்துக்கு வந்தபோது புதுச் சிக்கல் முளைத்தது. பலருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்த பாட்டி எதற்கு இந்த மாத்திரை என்று சொல்லாமலே கொடுத்துவந்திருப்பார். விடுதிப் பள்ளியில் சேர்ந்தால் டப்பாவை அசைக்கும்போது எழும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். எனவே காகிதத்தில் சுற்றி ஒளிப்பார்கள், ஒளிக்க முடியாத நாளில் சாப்பிடாமல் விடுவார்கள். காதல், கல்யாணம், குழந்தை பற்றி மனதில் இருக்கும் கேள்விகளை வயதான செவிலியரிடம் கேட்கவும் வாய் வராது.

ஜிம்பாப்வேயில் 2004இல் தொடங்கிய ‘ஸ்வாந்திரி’ திட்டம், தொற்றுடன் வளர்ந்த 18 முதல் 24 வயதுவரை உள்ளவர்களைப் பயிற்றுவித்து இந்தப் பிள்ளைகளிடம் அனுப்பியது. அவர்கள்தான் ‘கேட்ஸ்’. வீட்டுக்கு வருவார்கள், போனில் நினைவூட்டுவார்கள், கிளினிக்குக்குக் கூடவே போவார்கள். பிந்துரா, ஷம்வா மாவட்டங்களில் 13 முதல் 19 வயதினரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினருக்கு வைரஸ் கட்டுக்கு அடங்கவில்லை அல்லது மரணம் நேர்ந்தது. கேட்ஸ் துணை இருந்தவர்களில் அது 25 விழுக்காடு. நான்கில் ஒருவருக்கு இன்னும் மருந்து பலிக்கவில்லை என்பதையும் இந்தக் கணக்கே சொல்கிறது.

சட்டமும் கணக்கெடுப்பும்

நமீபியாவில் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்துக்குப் போன எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு, விவரம் சொல்லாமலே கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். வலியில் துடிக்கும் நேரத்தில் நீட்டிய படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எச்.ஐ.வி. உள்ள இளம்பெண்கள் கூடிப் பேசிய கூட்டங்களில்தான் இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பது வெளிப்பட்டது. மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில், அது உண்மையான சம்மதம் ஆகாது என்று 2014 நவம்பரில் நமீபிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கென்யாவில் போலிப் பொருள் தடுப்புச் சட்டத்தின் வாசகம் ஜெனரிக் மருந்தையும் போலி என்று சொல்ல இடம் கொடுத்தது, எச்.ஐ.வி.யுடன் வாழும் மூவர் வழக்குப் போட்டார்கள். 2012 ஏப்ரலில் நீதிபதி மும்பி ங்குகி, மருந்து கிடைப்பது உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தொற்றைப் பரப்புவதைத் தனிக் குற்றமாக்கிய பிரிவை ஜிம்பாப்வே 2022இல் நீக்கியது. உகாண்டாவோ எதிர்த் திசையில் போனது. அங்கே 2023இல் வந்த தன்பாலின உறவு எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு, தன்பாலின உறவாளர்களுக்கு மருந்தும் ஆணுறையும் கொண்டுபோகும் பணியாளருக்கே கைது பயம் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் 2019இல் தொடங்கிய ‘ரிட்ஷிட்ஸே’ அதிகம் சத்தம் போடாத வேலை. நோயாளிகளின் அமைப்புகள் பயிற்சி கொடுத்த ஆட்கள் நானூறுக்கும் மேற்பட்ட அரசு கிளினிக்குகளுக்குப் போய்க் கணக்கெடுக்கிறார்கள். காலை எத்தனை மணிக்குக் கதவு திறந்தது, எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றார்கள், எந்த மருந்து இருப்பில் இல்லை, தவணை தவறி வந்தவரை ஊழியர் எப்படி நடத்தினார் என்று கேட்டுக் குறிக்கிறார்கள். அந்த எண்களை அதிகாரிகள் முன்னால் வைத்து, சரிசெய்யத் தேதி கேட்கிறார்கள். மனுவைத் தட்டிக்கழிக்கப் பழகிய அலுவலகத்துக்கு அட்டவணையைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கூலி யார் கொடுப்பது?

இந்தப் பணியாளர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்ததில்லை. ஊக்கத்தொகை, பயணப்படி, ஒரு டி-சர்ட், மதிய உணவு என்று ஓடியது. வேலை பார்ப்பது பெரும்பாலும் பெண்கள் என்பதால் அது சேவை என்ற கணக்கில் போய்விட்டது. பணம் கொடுத்தவை பெரும்பாலும் வெளிநாட்டு நிதிகள். அவற்றில் பெரியது 2003இல் ஜார்ஜ் புஷ் அறிவித்த அமெரிக்காவின் ‘பெப்ஃபார்’. சிகிச்சை, பரிசோதனைச் சேவைகளில் 30 விழுக்காட்டைச் சமூக அமைப்புகளே நடத்த வேண்டும் என்று 2021இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்த இலக்குக்கு, பெரும்பாலான நாடுகளின் பட்ஜெட்டில் ஏற்ற நிதி ஒதுக்கப்படவில்லை.

2025 ஜனவரியில் டிரம்ப் நிர்வாகம் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது அதன் பலன் தெரிந்தது. உயிர் காக்கும் மருந்துக்குச் சில நாட்களில் விலக்கு வந்தது. மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கும், வராதவரைத் தேடிப் போகிறவருக்கும் பல இடங்களில் அந்த விலக்கு எட்டவில்லை. மருந்தும் செவிலியரும் அரசுக் கணக்கில் இருந்த நாடுகளிலும் சமூகப் பணியாளர்கள் அயல்நாட்டு நிதியில் இருந்ததால், வேலை போனது முதலில் அவர்களுக்கே. தென்னாப்பிரிக்காவில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூலையில் அமெரிக்க உதவி அமைப்பே மூடப்பட்டது. பெப்ஃபார் ஆதரவு முழுதாக நின்று, ஈடு செய்ய ஒன்றும் வராவிட்டால் 2029க்குள் கூடுதலாக 40 லட்சம் பேர் இறக்கக்கூடும் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு கணித்தது.

சில அரசுகள் தங்கள் கையிருப்பைத் தேடின. நைஜீரிய நாடாளுமன்றம் சுகாதாரத்துக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது. ஜிம்பாப்வே 1999 முதல் வருமான வரியோடு 3 விழுக்காடு எய்ட்ஸ் தீர்வை வாங்கிவருகிறது. ஏழை நாடு ஒன்று தானே திரட்டிய அந்தப் பணம், அயல் உதவி நின்ற நாளில் முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவு தாங்கியது. மற்ற நாடுகளின் செயல்பாட்டாளர்கள் இன்று இதையே சுட்டிக்காட்டி, சமூகப் பணியாளர்களை அரசு ஊதியப் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறார்கள்.

இதற்கு நடுவில் புதிய மருந்து ஒன்றும் வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகபவிர் ஊசி, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில், அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வராமல் காத்தது. இந்திய ஜெனரிக் நிறுவனங்கள் 2027 முதல் அதை ஆண்டுக்கு 40 டாலர் விலையில் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. நோய் வராதவர் தேடி வந்து போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது. எனவே சந்தையிலும் சலூனிலும் கல்லூரி வாசலிலும் நின்று இளம்பெண்களிடம் அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பழகிய ஆட்கள் பலர் 2025இல் வேலை இழந்தவர்களின் பட்டியலில் இருக்கிறார்கள்.